காப்பகக் கட்டணம் : ஒரு கணக்கு

காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இருவர் வேண்டும். துணையாக அமரும் தாய் கைக்குழந்தைக்காக எழுந்தால் தறி நின்றுவிடும். ஆகவே அண்டைவீட்டுக் காப்பகம் தேவையாகிறது. அதன் கட்டணத்தை எவ்வாறு வகுப்பது?

பார்ப்பவரின் கவனமே இங்கு அளவுகோல். நடுவணரசின் 2018ஆம் ஆண்டுக் காப்பக வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அதற்கு மேற்பட்ட வயதினர் 20 பேருக்கு ஒருவர் என்கிறது. மாத ஊதியம் 8,000 ரூபாய் எனக் கொண்டால், சிறியவருக்கு 800, பெரியவருக்கு 400 ஆகும். சிறியவர் 5, பெரியவர் 10 எனக் கலந்தாலும் அதே தொகை தேறும். உணவுச் செலவு தனி.

ஆனால் தாயின் வருவாய் குறையும் காலத்தில்தான் இரட்டிப்புக் கட்டணம் வருகிறது. 50 பேர் பணிபுரியும் நிறுவனத்திற்குக் காப்பகம் கட்டாயம். வீட்டுத் தறிக்கு அவ்விதியில்லை. எனவே கூடுதல் 400 ரூபாயை அரசோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ ஏற்பதே முறையாகும்.