ஒளியை வளைப்பது கிரகணமா?

சூரிய கிரகணம் நேரும் நாட்களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தமிழகத்தின் மற்ற ஊர்களிற்போலவே, கோயில்களில் நடை சாத்துவதும், குடத்து நீரிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப்புல் இடுவதும், கர்ப்பிணிகளை வெளியே வரவொட்டாமல் உள்ளறையில் இருத்துவதும் இன்றளவும் பல வீடுகளில் வழக்கமாக இருக்கின்றன. அன்று வெளிப்படும் கிரணங்கள் மற்ற நாட்களின் கிரணங்களினின்றும் வேறானவை என்னும் எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. இது கல்வியில்லாதாருடைய எண்ணம் மட்டுமே என்று கருதிவிடலாகாது. ஐன்ஸ்டீனைப் பற்றிப் பள்ளியில் ஓரளவு கற்றவர்களிற் பலரும், ‘கிரகணத்தின்போது நட்சத்திரங்களின் ஒளி வளைகிறது என்று 1919-இல் கண்டுபிடித்தார்கள்’ என்று சொல்லி, முன்வாசலில் தடுத்த நம்பிக்கையைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

கிரகணம் எந்த ஒளியையும் வளைப்பதில்லை. தொலைவிலுள்ள நட்சத்திரமொன்றினின்று புறப்பட்டு நம்மை நோக்கி வரும் கிரணம், வழியிற் சூரியனை நெருங்கிக் கடக்க நேர்ந்தால், சூரியனது நிறையின் காரணமாகச் சிறிதளவு திசை மாறுகிறது. அது இன்று நண்பகலிலும் நிகழ்கிறது, நாளையும் நிகழும், சந்திரனே இல்லாதிருந்தாலும் நிகழும். சூரியனின் கண்கூசும் பிரகாசம் அதனருகேயுள்ள நட்சத்திரங்களை நமக்கு மறைத்துவிடுவதால், அப்பிரகாசத்தைச் சில நிமிஷங்கள் மறைக்கும் திரையாகச் சந்திரன் வந்து நிற்கும் முழுக் கிரகணத்தை அக்கால விஞ்ஞானிகள் நாடினார்கள். கிரகணத்தினுடைய பங்கு அவ்வளவே.

1919 மே 29-ஆம் நாளைத் தேர்ந்ததற்கு நம் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு காரணம் உண்டு. அக்கினி நட்சத்திரம் கழிந்துவரும் அந்நாட்களில் சூரியன் ரோகிணியில் சஞ்சரிக்கிறான். ரோகிணிக்கு அருகே, வானத்தில் ஆப்பு வடிவில் தோன்றும் ஹையடீஸ் என்னும் பிரகாசமான நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. ஆகவே அன்று மறைக்கப்பட்ட சூரியனைச் சுற்றி அளப்பதற்கேற்ற நட்சத்திரங்கள் பல ஒருங்கே கிடைத்தன. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவுக்கு ஆங்கில வானியலாளர் எடிங்டனும், பிரேஸில் தேசத்துச் சோப்ரால் என்னும் ஊருக்குக் கிராம்மெலினும் டேவிட்சனும் சென்று, கிரகண வேளையில் எடுத்த புகைப்படத் தகடுகளை, அதே நட்சத்திரங்கள் சூரியன் அருகில் இல்லாத இரவில் எடுத்த தகடுகளோடு ஒப்பிட்டு, நட்சத்திரங்கள் எவ்வளவு இடம்பெயர்ந்து தோன்றின என்று கணக்கிட்டார்கள். சூரிய விளிம்பை ஒட்டிவரும் கிரணம் 1.75 விகலை திரும்ப வேண்டும் என்பது ஐன்ஸ்டீனுடைய கணிதம். பிரின்சிப்பேத் தகடுகள் 1.61 என்றும், சோப்ராலின் சிறிய தொலைநோக்கித் தகடுகள் 1.98 என்றும் காட்டின.

பாகையில் அறுபதில் ஒன்று கலை. கலையில் அறுபதில் ஒன்று விகலை. இந்த 1.75 விகலை எத்துணைச் சூக்ஷ்மமானது என்பதை எண்ணிப் பார்க்க நம்மூர்க் கோபுரமே போதும். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். இராஜபாளையத்தில் ஒருவர் நின்றுகொண்டு, ஆண்டாள் சந்நிதி விளங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்து உச்சிக் கலசத்தைப் பார்க்கிறார் என்று கொண்டால், அக்கலசம் ஒன்பது செண்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் எவ்வளவு கோணம் மாறுமோ அவ்வளவுதான், நட்சத்திரத்தின் ஒளியைச் சூரியன் திருப்பும் கோணம்.

ஒளி வளையும் என்று முதன்முதல் சொன்னவர் ஐன்ஸ்டீன் என்பது பரவலான மற்றொரு நம்பிக்கை. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலின் இறுதியில் எழுப்பிய வினாக்களில் முதலாவதே, பொருள்கள் தொலைவிலிருந்து ஒளியின்மேல் செயற்பட்டு அதன் கிரணங்களை வளைக்கக்கூடாதா என்பதுதான். ஜெர்மானியரான சோல்ட்னர் 1801-இல் எழுதி 1804-இல் வெளியான ஆராய்ச்சியில், ஒளியை வேகமாக ஓடும் துகளாகக் கொண்டு, சூரியனால் நேரும் திருப்பத்தை ஏறக்குறைய 0.84 விகலை என்று கணக்கிட்டும் விட்டார். ஐன்ஸ்டீனும் 1911-இல் ஏறத்தாழ அதே தொகையைத்தான் அடைந்தார். 1915-இல் பொதுச் சார்புத் தத்துவம் முழுமையடைந்த பின்னரே, ஒரு பொருளின் நிறை காலத்தின் ஓட்டத்தை மாற்றுவதோடு நில்லாமல் அதனைச் சூழ்ந்த இடத்தின் அமைப்பையும் வளைக்கிறது என்றும், முன்னதால் ஒரு பாதியும் பின்னதால் மறுபாதியுமாகத் திருப்பம் இருமடங்காகிறது என்றும் அவர் கண்டார். எனவே 1919-இல் தகடுகளை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி, ஒளி வளைகிறதா என்பது மட்டுமன்று. வளைவது பாதியா முழுமையா என்பது. ‘ஒளிக்கு எடையில்லையே, அதனை எப்படி ஈர்க்க முடியும்?’ என்று வினவும் மாணவருக்கும் இதிலேயே விடை இருக்கிறது: செல்லும் வெளியே வளைந்திருக்குமாயின், அதனூடே செல்வதற்கு எடை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

எடிங்டன் தமக்கு வேண்டிய விடையைத் தாமே வருவித்துக்கொண்டார் என்று ஒரு குற்றச்சாட்டு அவ்வப்போது எழுகிறது. அதற்கும் சிறிது இடங்கொடுத்துப் பார்ப்பது நியாயம். சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்து, பின்னர்க் கேம்பிரிட்ஜில் எடிங்டனை நெருங்கி அறிந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுதியிருப்பதன்படி, தத்துவத்தின் உண்மையில் தமக்கு முழு நம்பிக்கை இருந்தமையால், தம்மளவில் விடப்பட்டிருந்தால் அந்தப் பிரயாணத்தைத் தாம் ஏற்பாடு செய்திருக்கவே மாட்டார் என்று எடிங்டனே சொன்னாராம். ஏற்பாட்டின் பின்னே நின்றவர் பிரிட்டிஷ் அரசாங்க வானியலாளரான டைசன். சோப்ராலில் வேறொரு கருவி, வெயிலின் வெப்பத்தால் குவியம் கெட்டு, 0.93 என்னும் குறைந்த தொகையைக் காட்டியதும், அத்தகடுகள் ஒதுக்கப்பட்டதும் மெய்தான். ஆனால் 1979-இல் கிரீன்விச் வானிலையத்தார் அந்த ஒதுக்கப்பட்ட தகடுகளையே புதிய இயந்திரத்தால் அளந்தபோது, கிடைத்த தொகை ஐன்ஸ்டீனுடைய கணிதத்தோடு பிழை வரம்புக்குள் ஒத்து வந்தது. சந்தேகம் எழுப்புவது விஞ்ஞானத்தின் தர்மம். விடை வந்தபின் அதை ஏற்பதும் அதே தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டினின்றும் ஒரு முயற்சி நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, நேர்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவில், பழனி மலைமேல் இருக்கும் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் எவர்ஷெட், 1922 செப்டம்பர் 21-ஆம் நாளைய முழுக் கிரகணத்துக்காக மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலல் என்னும் கடற்கரைக்குக் கருவிகளுடன் சென்றார். அவருக்கு எண்ணிய பலன் கிட்டவில்லை. அதே கரையில் பாளையமிறங்கிய அமெரிக்க லிக் வானிலையத்துக் காம்பெல் குழுவினர் 1.72 என்னும் தொகையைப் பெற்று 1923-இல் அறிவித்தனர். ஆயினும் எவர்ஷெட் கோடைக்கானலிலேயே அமர்ந்து, சூரிய நிறமாலையின் கோடுகள் சிவப்புப் பக்கமாகச் சிறிதே நகர்ந்திருப்பதை ஆண்டுக்கணக்காக அளந்து, ஐன்ஸ்டீன் கூறிய வேறொரு விளைவைச் சோதித்துக்கொண்டிருந்தார் என்பதைத் தமிழர் மறக்கலாகாது. சார்புத் தத்துவத்தின் பரிசோதனை வரலாற்றில் நம் மலையொன்றுக்கும் இடமுண்டு.

ஒளியின் வளைவை அளக்க இப்பொழுது கிரகணமே வேண்டுவதில்லை. 3சி 279 எனப்படும் தொலைதூரக் குவாசார் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) ஒன்று ஆண்டுதோறும் அக்டோபர் 8-ஆம் நாளளவில் சூரியனுக்குப் பின்னே மறைகிறது. அது அனுப்பும் ரேடியோ அலைகளைச் சூரியப் பிரகாசம் மறைப்பதில்லையாதலால், பட்டப்பகலில், கிரகணம் ஏதுமின்றி, அவ்வலைகள் திரும்புவதை 1969 முதல் அளந்து வருகிறார்கள். பல்லாயிரம் ரேடியோ அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தவிடத்து, ஐன்ஸ்டீனுடைய தொகையினின்று பதினாயிரத்திற் சில பங்குக்கு மேற்பட்ட வேறுபாடு தென்படவில்லை.

இனி, வேனிற்காலத்தில் தார்ச்சாலையில் தெரியும் கானல்நீரும் இந்த ஒளிவளைவும் ஒன்றே என்று எண்ணுவோர் உளர். கானல், சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறளவு விலக்குவதால் வருவது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசற் சமவெளியின் விளிம்பில் உதயசூரியன் முழு வட்டமாகத் தோன்றி நிலத்தைத் தொட்டு நிற்கும் கணத்தில், கணிதப்படி அது இன்னும் விளிம்புக்குக் கீழேயே இருக்கிறது. காற்று மண்டலம் அதன் ஒளியை ஏறக்குறைய 34 கலை வளைத்து முன்கூட்டியே காட்டிவிடுகிறது. சூரியன் நட்சத்திர ஒளியை வளைப்பதைவிட இது ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் அளவைவிட முக்கியமான வேற்றுமைகள் உண்டு. காற்றும் கண்ணாடியும் நீலத்தை ஒருவகையாகவும் சிவப்பை வேறுவகையாகவும் விலக்குகின்றன. ஈர்ப்போ, நீலம், சிவப்பு, எக்ஸ் கதிர், ரேடியோ அலை யாவற்றையும் ஒரே அளவில் திருப்புகிறது. மேலும், குவிலென்ஸில் ஓரத்தில் வளைவு மிகும், நடுவில் இல்லை. ஈர்ப்பில் நடுவை நெருங்க நெருங்க வளைவு மிகும். அதனால் ஈர்ப்பு லென்ஸுக்கு ஒற்றைக் குவியம் இல்லை. அது தெளிவான படத்தைத் தராமல், விற்களையும் வளையங்களையும் இரட்டைப் பிம்பங்களையும் தருகிறது.

கருந்துளைகள் மட்டுமே ஒளியை வளைக்கும் என்பது சினிமாக்களால் பரவிய நம்பிக்கை. நிறையுடைய ஒவ்வொன்றும் வளைக்கிறது. ஆண்டாள் திருப்பாவையில் வெள்ளி உதிப்பதையும் வியாழம் மறைவதையும் ஒரே வைகறையில் வைத்துப் பாடியிருப்பதும், தமிழறிஞர் மு. இராகவையங்கார் அதனைக் கொண்டு ஆண்டாளின் காலத்தை எட்டாம் நூற்றாண்டாகக் கணித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரார் அறிந்ததே. அந்த வியாழம், தன் விளிம்பை ஒட்டிவரும் ஒளியைச் சூரியனைப்போல் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு வளைக்கிறது. 2002 செப்டம்பர் 8-ஆம் நாள் ஒரு குவாசாரின் அருகே அது கடந்தபோது அத்திருப்பத்தை ரேடியோத் தொலைநோக்கிகள் அளந்தன. நாம் நிற்கும் பூமியும் தன் பங்குக்கு வளைக்கிறது, விகலையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குச் சிறிது அதிகமாக.

பெருந்தொலைவுகளில் இவ்விளைவு வியக்கத்தக்க உருக்கொள்கிறது. 1979-இல் வால்ஷ், கார்ஸ்வெல், வேமன் ஆகிய மூவர், ஆறு விகலை இடைவெளியில் அருகருகே இருந்த இரண்டு குவாசார்களின் நிறமாலைகள் அச்சொட்டாக ஒத்திருக்கக் கண்டு, இவை இரண்டல்ல, இடையிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் ஈர்ப்பால் இரட்டித்துத் தோன்றும் ஒரே குவாசார் என்று உணர்ந்தார்கள். ஒரு பிம்பத்தின் ஒளி மற்றதைவிட 417 நாட்கள் தாமதித்து வருகிறது. அதாவது ஒரே பொருளின் இரு வேறு காலத்து நிலைகளை நாம் பக்கம்பக்கமாகக் காண்கிறோம். உதகையை அடுத்த முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோத் தொலைநோக்கியை 1970-இல் நிறுவி இயக்கிய டாடா ஆராய்ச்சி நிலையத்து ரேடியோ வானியல் குழுவைச் சேர்ந்த பிரமேஷ் ராவும் ரவி சுப்ரமணியனும் 1988-இல், தனுசு ராசித் திசையிலுள்ள ஒரு ரேடியோ மூலத்தின் இரட்டை வடிவம் இத்தகையதே ஆகலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். 1991-இல் அது முழு வளையமாகவே வெளிப்பட்டது.

‘அப்படியானால் தொலைநோக்கி காட்டுவதெல்லாம் பொய்த்தோற்றம்தானே?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த விடை, 2014-இல் காணப்பட்ட ரெஃப்ஸ்டால் என்னும் நட்சத்திர வெடிப்பு. அது நான்கு பிம்பங்களாகத் தோன்றியது. இடையிலுள்ள விண்மீன் மண்டலக் கூட்டத்தின் எடையைக் கணக்கிட்ட விஞ்ஞானிகள், அதே வெடிப்பின் மற்றொரு பிம்பம் இன்ன இடத்தில், ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தோன்றும் என்று முன்கூட்டியே சொன்னார்கள்; 2015 டிசம்பரில் அது அங்ஙனமே தோன்றியது. முன்னறிந்து சொல்லத் தக்கதைப் பொய் என்று எவ்வாறு கூறுவது? இந்த வளைவைத் தராசாகக் கொண்டுதான் மண்டலக் கூட்டங்களை நிறுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களும் வாயுவும் அவ்வளவு வளைவுக்குப் போதாமையால், பெரும்பகுதி ஒளிராத கரும்பொருள் என்று அறிகிறார்கள். அக்கரும்பொருளின் பரவலை வரைபடமாக்குவதில் பெயர்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பிரியம்வதா நடராஜன் பிறந்த ஊர் கோயம்புத்தூர்.

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். கிரகணத்தின்போது சூரியன் புதிதாக எந்தக் கிரணத்தையும் விடுவதில்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பது எந்நாளும் கேடு. ஒளி மங்கியிருப்பதால் மனிதர் கூசாமல் நெடுநேரம் பார்த்துவிடுவதே கிரகண நாளின் அபாயம். அடுத்து 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை பிற்பகலில், வானம் தெளிந்திருந்தால், சூரியனின் ஒரு பகுதி மறைவதை நம் பக்கத்திலிருந்து காணலாம். அன்று பள்ளி நாள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலைமையாசிரியர்கள் பிள்ளைகளை வகுப்பறைக்குள் அடைத்து வைக்காமல், சூரியனைப் பார்ப்பதற்கென்று தரச்சான்று பெற்ற வடிகட்டிக் கண்ணாடிகளை முன்னதாகவே வரவழைத்துக் கொடுத்து, மைதானத்துக்கு அழைத்து வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.