களம் மறுக்கப்பட்ட பயிற்றுநர்

நுழையும்முன்

விளையாட்டுக்கு விதிகள் உண்டு. அவ்விதிகள் ஆடுவோர் அனைவருக்கும் பொதுவானவை. ஆனால், களத்தினுள் நுழையவே சிலருக்கு உரிமை இல்லையெனில் விதிகளின் பொதுமையால் பயன் என்ன? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டு, தம் பணியையே அதற்கு விடையாக்கியவர் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜான் மெக்லெண்டன்.

ஆசானும் மாணவரும்

1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பழக்கூடைகளை உயரத்தில் பொருத்திப் பதின்மூன்று விதிகளை வகுத்துக் கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். பின்னாளில் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்தார். 1915இல் பிறந்த மெக்லெண்டன், தந்தையின் அறிவுரைப்படி அங்குச் சேர்ந்து நெய்ஸ்மித்தின் மாணவரானார். எனினும், அவர் கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. அவர் நீந்தியபின் குளத்து நீரையே வெளியேற்றிய காலம் அது. அவர் பின்வாங்கவில்லை, அக்குளம் அனைவருக்கும் பொதுவாகும்வரை உறுதியுடன் நின்றார். 1936இல் பட்டம் பெற்றார்.

ஆடும் வாய்ப்பை இழந்தவர், ஆட்டத்தை ஆழ்ந்து கற்றார். தாக்குதலும் தடுப்பும் களத்தின் எவ்விடத்திலும் தொடங்கலாம் என்பது ஆசானிடம் அவர் பெற்ற பாடம். மெதுவாகப் பந்தைக் கடத்தி ஆடுவதே அன்றைய வழக்கம். மெக்லெண்டனோ, பந்து கைக்கு வந்த நொடியே எதிரணியின் கூடையை நோக்கி விரையும் ஆட்டமுறையை வளர்த்தார். நெடுந்தொலைவு ஓடவைத்து வீரர்களின் உடல்வலிமையைப் பெருக்கினார். களைப்படையாத அணியே இறுதிவரை விரைந்து ஆடமுடியும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பூட்டிய அரங்கில் ஓர் ஆட்டம்

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் அவர் பயிற்றுநராகப் பணியாற்றினார். அதே நகரில் டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணியும் வலிமையுடன் விளங்கியது. இரு இனத்தவரும் ஒரே களத்தில் ஆடுவதை அன்றைய இனப்பிரிவினை முறை ஏற்கவில்லை.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. நகர மக்களில் பெரும்பாலோர் தேவாலயங்களில் இருந்த நேரம். மருத்துவ மாணவர்கள் சுற்றுவழியில் மகிழுந்துகளில் வந்து, முகம் மறைத்து அரங்கினுள் நுழைந்தனர். கதவுகள் பூட்டப்பட்டன. தொடக்கத்தில் பதற்றம் நிலவியது. விரைவில் மெக்லெண்டனின் அணியினர் தம் இயல்பான வேகத்தைப் பெற்றனர். 88–44 என்னும் புள்ளிக்கணக்கில் அவர்கள் வென்றனர்.

அதன்பின் நிகழ்ந்ததே நெஞ்சில் நிற்பது. இரு அணியினரும் தம்முள் கலந்து, புதிய அணிகளாகப் பிரிந்து மீண்டும் ஆடினர். வெற்றி தோல்வியைக் கடந்த அந்த ஆட்டத்தில் இனவேறுபாட்டிற்கு இடமில்லை. ஆனால், வென்றவர்கள் தம் வெற்றியை வெளியில் சொல்ல இயலவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, 1996இல்தான் அச்செய்தி நாளிதழ் வழியே உலகறிந்தது.

தொழில்முறைக் களத்தில்

பின்னர், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு பல்கலைக்கழக அணியை வழிநடத்திய மெக்லெண்டன், 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து என்.ஏ.ஐ.ஏ. தேசிய வாகையை வென்றார். மும்முறை தொடர்ந்து தேசிய வாகை சூடிய முதல் கல்லூரிப் பயிற்றுநர் அவரே.

1961இல் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் கிளீவ்லாந்து பைப்பர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். தொழில்முறைக் கூடைப்பந்தில் அப்பொறுப்பை ஏற்ற தொடக்கக்காலக் கறுப்பினத்தவருள் அவர் ஒருவர். உரிமையாளருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பருவத்தின் இடையிலேயே பதவி விலகினார். அவர் வளர்த்த அணி அப்பருவத்தின் வாகையைச் சூடியது. அவ்வேளையில் அவர் உடன் இல்லை. 1969இல் டென்வர் ராக்கெட்ஸ் அணிக்கும் சிறிதுகாலம் பயிற்சியளித்தார்.

காலம் தந்த பெயர்

1979இல் நெய்ஸ்மித் பெயரிலான கூடைப்பந்துப் புகழவையில் அவர் இடம்பெற்றார். ஆயினும், ஆட்டத்திற்குப் பங்களித்தவர் என்னும் பிரிவிலேயே சேர்க்கப்பட்டார். 1999இல் அவர் மறைந்தார். 2016இல்தான் பயிற்றுநர் என்னும் பெயரில் மீண்டும் சேர்க்கப்பட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் ஆற்றிய பணியின் உண்மைப் பெயரைச் சூட்ட உலகிற்கு மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன. காலம் தாழ்ந்து வந்த அப்பெருமை, திறமையை அடையாளம் காண்பதில் ஒரு சமூகம் செய்யும் பிழையையும் நமக்கு நினைவூட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. இரண்டாவது ஆட்டத்தில் இரு அணியினரும் கலந்து ஆடியது உணர்த்தும் கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உம் பள்ளி விளையாட்டுக் களத்தில் அனைவருக்கும் சமவாய்ப்பு கிடைக்கச் செய்ய வேண்டியனவற்றைப் பட்டியலிடுக.