ஒரே தட்டு, வேறு வேறு கோடுகள்



பள்ளியில் எழுதிய நோட்டை வீட்டிற்கு எடுத்துச் சென்று படிக்கிறோம். வீட்டில் எழுதியதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து ஆசிரியையிடம் காட்டுகிறோம். இடம் மாறியதால் எழுத்து மறைந்துவிடுவதில்லை அல்லவா? ஆனால் 1980-களின் நடுவில், இங்கிலாந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்திருக்கக்கூடிய சங்கடத்தைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். அவள் பள்ளியில் இருந்தது பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி. வீட்டில் இருந்ததோ கொமடோர் 64. பள்ளியில் அரும்பாடுபட்டு எழுதிய கட்டுரையைப் பிளாப்பித் தட்டில் பதிந்து வீட்டிற்குக் கொண்டு வருகிறாள். தட்டு வீட்டுக் கருவியில் அளவாகப் பொருந்துகிறது, சுழலவும் செய்கிறது. ஆனால் ஓர் எழுத்துக்கூடத் திரையில் தோன்றவில்லை! தட்டிலும் பழுதில்லை; கருவியிலும் பழுதில்லை. பின் ஏன் இப்படி? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

தட்டும் அதன் அளவும்

பிளாப்பித் தட்டு என்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். ஒலிநாடாவில் இருப்பதுபோன்ற காந்தப் பூச்சு அதன்மேல் உண்டு. சதுரமான உறைக்குள் அது சுழலும். 1971-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தட்டு 8 அங்குலம். 1976-இல் ஷூகார்ட் நிறுவனம் 5¼ அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. பின்னர் சோனி நிறுவனம் கெட்டியான உறையுடன் 3½ அங்குலத் தட்டைச் செய்தது. ஆம்ஸ்ட்ராட் நிறுவனமோ தன் கணிப்பொறிகளுக்கு 3 அங்குலத் தட்டைத் தேர்ந்துகொண்டது. அளவு மாறினால் தட்டு கருவிக்குள் நுழையவே நுழையாது. இது முதல் தடை. கண்ணுக்குத் தெரியும் தடை. மற்றத் தடைகள் கண்ணுக்குத் தெரியாதவை.

கோடு போடுதல்

புதிய தட்டு, கோடு போடாத நோட்டைப் போன்றது. எழுதுவதற்கு முன் கணிப்பொறி அதில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ‘பார்மட்’ செய்தல் என்று பெயர். வட்ட வட்டமாகத் தடங்களை அமைத்து, ஒவ்வொரு தடத்தையும் துண்டுகளாகப் பிரிக்கும். நம்மிடம் இரட்டைக் கோடு நோட்டு, நான்கு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு என்று இருக்கின்றன அல்லவா? அதுபோல ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கோட்டு முறையை வகுத்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் எழுதும் 5¼ அங்குலத் தட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பி.பி.சி. மைக்ரோ: 40 தடங்கள், தடத்திற்கு 10 துண்டுகள், துண்டிற்கு 256 பைட். மொத்தம் 100 கிலோபைட்.

ஐ.பி.எம். பி.சி. (1981): 40 தடங்கள், தடத்திற்கு 8 துண்டுகள், துண்டிற்கு 512 பைட். மொத்தம் 160 கிலோபைட்.

கொமடோர் 64: 35 தடங்கள், தடத்திற்கு 17 முதல் 21 துண்டுகள், துண்டிற்கு 256 பைட். மொத்தம் ஏறத்தாழ 170 கிலோபைட்.

கொமடோரில் மட்டும் ஏன் துண்டுகளின் எண்ணிக்கை மாறுகிறது? விளையாட்டு விழாவில் வட்டமான ஓடுபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பாதை நீளமானது, உட்பாதை குறுகியது. வெளித் தடத்தில் இடம் மிகுதி என்பதால் அங்கே 21 துண்டுகளையும் உட்புறத்தில் 17 துண்டுகளையும் வைத்தார்கள். தட்டு ஒரே வேகத்தில் சுழலும். வெளித் தடத்தில் எழுதும் வேகம் மட்டும் கூடும். 1984-இல் வந்த மாக்கின்டாஷோ இதற்கு மாறாகத் தட்டு சுழலும் வேகத்தையே மாற்றியது. சாதாரணக் கருவிகளுக்கு அந்த வித்தை தெரியாது.

எழுதும் முறை

தட்டில் எழுத்துகள் காந்தத் துடிப்புகளாகவே பதிகின்றன. பி.பி.சி. மைக்ரோவின் தொடக்ககாலத் தட்டு முறையில் ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடுவதுபோல் ஒரு துடிப்பு உடன் வந்தது. ஐ.பி.எம். முறை அத்தாளத் துடிப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கி அதே இடத்தில் இரு மடங்கு எழுதியது. கொமடோர், நான்கு பிட்டுகளுக்குப் பதிலாக ஐந்து பிட்டுகள் கொண்ட குறியீட்டை எழுதியது. ஒரு சுருக்கெழுத்து முறையைக் கற்றவர் வேறொரு முறையில் எழுதியதைப் பார்த்துத் திகைப்பதுபோல், கருவியும் திகைத்து நின்றது.

இத்தடையையும் தாண்டினோம் என்று வைத்துக்கொள்வோம். தட்டின் பொருளடக்கத்தை பி.பி.சி. மைக்ரோ முதல் தடத்தில் வைக்கும். கொமடோர் 18-ஆம் தடத்தில், நடுவில் தேடும். அதையும் தாண்டினால், கொமடோரின் எழுத்து எண்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறியிருக்கும்!

நெருங்கிய உறவினர்

1985-இல் வந்த அடாரி எஸ்.டி. கணிப்பொறியின் தட்டு முறை ஐ.பி.எம். முறைக்கு மிக நெருங்கியது. இருந்தும், தொடக்ககால அடாரியில் கோடு போட்ட தட்டை ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகள் பல ஏற்க மறுத்தன. தட்டின் தொடக்கத்தில் அவை எதிர்பார்த்த ஒரு சில பைட்டுகள் இல்லாததே காரணம். ஆனால் ஐ.பி.எம். கணிப்பொறியில் கோடு போட்ட தட்டில் அடாரி படிக்கவும் செய்தது, எழுதவும் செய்தது. எனவே அறிந்தவர்கள், பிடிவாதம் மிகுந்த கருவியிலேயே தட்டைத் தயார் செய்து வாங்கிக்கொண்டார்கள். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரால்தான் பகிர்வு நடக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்னொரு கண்ணியும் இருந்தது. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியின் எழுதுமுனை குறுகலானது. பழைய 360 கிலோபைட் தட்டில் அது எழுதினால், அகலமான பழைய தடத்தின் நடுவில் மட்டும் புதிய எழுத்து பதியும். சிறிய டஸ்டரால் கரும்பலகையைத் துடைத்தால் ஓரத்தில் பழைய சுண்ணக்கட்டி எழுத்து நிற்குமே, அதுபோலப் பழைய பதிவு ஓரங்களில் நிற்கும். அகன்ற முனையுள்ள பழைய கருவி இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

கம்பி வழி

அப்படியானால் அந்த மாணவி என்ன செய்திருக்கலாம்? இரு கணிப்பொறிகளையும் ஓரிடத்தில் வைத்து, கம்பியால் இணைத்திருக்கலாம். ஒவ்வொன்றும் தன் தட்டைத் தானே படித்து, பொருளை மட்டும் கம்பி வழியே அனுப்பும். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கெர்மிட்’ என்னும் முறை இதற்குப் பெரிதும் உதவியது. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலமும் பிழையின்றிச் சேர்ந்ததா என்று கேட்டு, சேராவிட்டால் மீண்டும் அனுப்பும். நொடிக்கு 1200 பிட் வேகத்தில் 100 கிலோபைட் செல்லக் குறைந்தது 14 நிமிடம் ஆகும். பொறுமை வேண்டும்; ஆனால் பொருள் சேரும்.

இன்று இது எதற்கு?

சோனி நிறுவனம் ஜப்பானில் பிளாப்பித் தட்டு விற்பனையை 2011-இல் நிறுத்தியது. ஆனால் பழைய தட்டுகளில் கடிதங்களும் படங்களும் கட்டுரைகளும் உறங்குகின்றன. காந்தப் பதிவோ நாளடைவில் மங்குகிறது. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-இல் அமிகா கணிப்பொறியில் சில படங்கள் வரைந்தார். அத்தட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிச் சங்கத்தினர் அவற்றின் பதிவைப் பிரதியெடுத்து, யாருக்கும் பழக்கமில்லாத வடிவில் இருந்த படங்களை மீட்டார்கள். 2014-இல் உலகம் அவற்றைக் கண்டது. இவ்வகைப் பணியில் உதவும் கருவி, தட்டில் உள்ள காந்தத் துடிப்புகளைப் பொருள் தேடாமல் அப்படியே பதிவு செய்கிறது. பொருள் காணும் வேலை பிறகு நடக்கிறது. முதலில் முழுமையாகக் கேள், பிறகு புரிந்துகொள் என்பதே அதன் வழி.

மாணவிகளே! நாம் எழுதுவது நமக்கு மட்டும் புரிந்தால் போதாது. பெறுபவரிடம் எந்த நோட்டு இருக்கிறது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய தட்டு ஒன்று கிடந்தால், பயனற்றது என்று எறிந்துவிடாதீர்கள். அதில் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கலாம்.

பயிற்சி

1. கொமடோர் 64 தட்டில் 17 தடங்களில் 21 துண்டுகள், 7 தடங்களில் 19, 6 தடங்களில் 18, 5 தடங்களில் 17. மொத்தத் துண்டுகள் எத்தனை?

2. அமிகா தட்டில் இரு பக்கம். பக்கத்திற்கு 80 தடங்கள். தடத்திற்கு 11 துண்டுகள். துண்டிற்கு 512 பைட். மொத்தம் எத்தனை கிலோபைட்?

விடைகள்: 683, 880.