வீரரின் வீழ்ச்சி தரும் பாடம்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பேருந்தில் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற ஏற, நாம் மலையழகில் மயங்கிவிடுகிறோம். ஆனால் ஓட்டுநரைக் கேட்டால், "ஏறுவது பெரிதல்ல, இறங்கும்போதுதான் நிதானம் வேண்டும்" என்பார். விளையாட்டு வீரர்களின் வாழ்வும் இத்தகையதே. எப்படி ஏறினார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஏன் இறங்கினார்கள் என்பதை ஒரு குத்துச்சண்டை வீரரின் வாழ்வைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

அவர் முகம்மது அலி. 1942-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964-இல், தமது 22-ஆம் வயதில், சன்னி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். நம் தமிழ்நாடும் அவரை நேரில் கண்டிருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அதில் கலந்துகொண்டார். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையைப் போற்றிவந்த வட சென்னை மக்களுக்கு அது திருவிழாவாக இருந்தது.

அப்போது அவர் ஓய்வு பெற்றவர். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், 38 வயதில், மீண்டும் மேடையேறி லாரி ஹோம்ஸ் என்பவரிடம் பரிதாபமாகத் தோற்றார். ஏன் இப்படி நேர்ந்தது?

முதற் காரணம்: வயது

இளமையில் அலியின் பலம் கைகளைவிடக் கால்களில்தான் அதிகம் இருந்தது. எதிரியின் குத்து வரும்முன் தலையை நூலிழை அளவு பின்னே சாய்த்துத் தப்பிவிடுவார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967-இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. 1970 வரை மூன்றரை ஆண்டுகள் அவர் ஆட முடியவில்லை. ஒரு வீரரின் மிகச் சிறந்த ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. திரும்பி வந்தபோது அறிவு கூர்மையாயிருந்தது. கால்களில் பழைய விரைவு இல்லை. அவர் ஆடிய 61 போட்டிகளில் தோற்றவை ஐந்தே. அவற்றுள் மூன்று, 36 வயதுக்குப் பின் வந்தவை.

இரண்டாவது: சேர்ந்துபோன அடிகள்

கால்கள் தளர்ந்த பின், அடி வாங்கிக்கொண்டே வெல்லும் முறையை அலி கற்றுக்கொண்டார். 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று, ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளையெல்லாம் ஏற்று, அவரைக் களைப்படையச் செய்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். உலகமே கைதட்டியது. ஆனால் வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது.

தலையில் குத்து விழும்போது நடப்பது என்ன? நம் மூளை மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதப்பதுபோல் அமைந்துள்ளது. குடத்தைச் சட்டென்று அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்புவதுபோல், குத்து விழுந்தால் மூளை குலுங்குகிறது. கையுறை கை எலும்பைக் காக்குமே தவிர, இந்தக் குலுக்கலை நிறுத்தாது. மீண்டும் மீண்டும் அடிபட்ட வீரர்களுக்குப் பேச்சும் நடையும் தடுமாறுவதை 1928-ஆம் ஆண்டிலேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் உணர்த்துகிறார். ஒவ்வொரு குத்தையும் தாங்கிவிடலாம். அவற்றின் கூட்டுத்தொகையைத் தாங்க முடியாது.

மூன்றாவது: பழைய புகழில் நம்பிக்கை

1978 பிப்ரவரியில், அதற்குமுன் ஏழே தொழில்முறைப் போட்டிகள் ஆடியிருந்த லியான் ஸ்பிங்ஸிடம் அலி தோற்றார். எளிதில் வென்றுவிடலாம் என்றெண்ணிப் பயிற்சியைக் குறைத்ததே காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் கடுமையாக உழைத்துப் பட்டத்தை மீட்டார். ஹோம்ஸுடன் மோதும்முன் உடல் எடையை வேகமாகக் குறைத்தார். தோற்றம் இளமைக்குத் திரும்பியது; வலிமை திரும்பவில்லை.

நான்காவது: "போதும்" என்ற சொல்லைக் கேளாமை

இதுவே தலையாய காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். 1977-இல் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அவருடைய சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிக்கையை அவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. மருத்துவர் விலகிக்கொண்டார். அதன்பின் அலி நான்கு முறை மேடையேறினார்.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1975-இல் மணிலாவில் அலியும் ஜோ ஃப்ரேசியரும் 14 சுற்றுகள் மோதினர். ஃப்ரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்தது. இன்னும் ஒரே சுற்றுதான் பாக்கி. அவரோ ஆடத் துடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. தோல்வியை ஏற்றுப் போட்டியை நிறுத்தினார். அன்று பட்டம் கிட்டவில்லை, மனிதன் பிழைத்தான். ஐந்தாண்டுகள் கழித்து ஹோம்ஸுடன் நடந்த போட்டியில், பத்தாம் சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டியும் அவ்வாறே நிறுத்தினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது அறிவிக்கப்பட்டது. அதற்குக் குத்துச்சண்டையே முழுக் காரணம் என்று எல்லா மருத்துவரும் ஒப்பவில்லை. எனினும் மேடையில் மின்னலாய்ப் பேசியவரின் குரல் மெலிந்து, கை நடுங்கியதை உலகம் கண்டது. 2016-இல் அவர் காலமானார்.

நம் நாட்டின் மேரி கோமையும் இங்கே நினைக்க வேண்டும். மணிப்பூரில் மொய்ராங் புனித சவேரியார் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்ற அவர், ஆறு முறை உலகச் சாம்பியன் ஆனார். ஆறாவது பட்டத்தை 2018-இல், மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின் வென்றார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மிகக் குறைந்த வேறுபாட்டில் தோற்றார். 40 வயதுக்கு மேற்பட்டோர் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் ஆடக் கூடாது என்பது விதி. ஆட விரும்பும் வீரருக்கு அது கசப்பே. ஆனால் வீரர் தமக்குத் தாமே சொல்லத் தயங்கும் சொல்லை அங்கே விதி சொல்லிவிடுகிறது.

தோழியரே, இது மேடையில் நிற்பவர்களுக்கு மட்டும் உரிய பாடமா? சென்ற ஆண்டு எங்கள் கோகோ அணியில் ஒருத்தி முழங்கால் வலியை மறைத்து ஆடினாள். சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்களே என்ற அச்சம் அவளுக்கு. எங்களில் சிலருக்கு அது தெரியும். கோப்பை வேண்டுமே என்று நாங்கள் வாய் திறக்கவில்லை. அரையிறுதியில் அவள் விழுந்தாள். மூன்று மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தாள். அலியைச் சுற்றி நின்று கைதட்டியவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? இதை எழுதும்போதும் வெட்கமாயிருக்கிறது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஓட்டக்காரரையும் குத்துச்சண்டை வீரரையும் உவமையாகக் கூறித் தன்னடக்கத்தை வலியுறுத்துகிறார். தன்னடக்கம் என்பது உடலை வருத்துவது மட்டுமன்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அதுவே. நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர் கொடியைக் கவாத்துச் செய்து ஓய்வு கொடுப்பது, அடுத்த காய்ப்பை எண்ணியன்றோ?

ஆகவே வலி வந்தால் ஆசிரியையிடம் சொல்லுவோம். தோழியின் வலி தெரிந்தால், அவள் கோபித்தாலும் சொல்லுவோம். பெற்றோரே, பிள்ளை பரிசு வாங்கி வரும் நாளில் மகிழ்வதுபோல், "இன்று முடியவில்லை" என்று வரும் நாளிலும் அணைத்துக்கொள்ளுங்கள். கைதட்டுவோர் ஆயிரம் பேர் கிடைப்பர். "போதும், இறங்கு" என்று கைபிடித்து அழைத்து வருபவரே உற்ற நண்பர்.