முன் பற்சக்கரத்தின் ஆட்டம்

கோல சிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் கப்சாய் மோட்டார் சைக்கிள்கள் சேற்றிலும் புழுதியிலும் ஓடுகின்றன. வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ‘டக்’கென ஒலி கேட்டால், பலர் சங்கிலியை இறுக்கிவிட்டுப் போய்விடுவர். அளவு மீறிய இறுக்கம் தேய்மானத்தையே கூட்டும்.

இயந்திரத் தண்டின் பற்களில்தான் முன் பற்சக்கரம் பொருந்தியிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சங்கிலியைத் தளர்த்திச் சக்கரத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு ஆட்டம் இயல்பே. தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் அதிகமாக ஆடினால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சக்கரத்தின் உட்பற்கள் மட்டும் தேய்ந்திருந்தால் புதிய சக்கரம் போதும். தண்டே தேய்ந்திருந்தால் இயந்திரத்தைப் பிரித்துத் தண்டை மாற்ற வேண்டும், செலவு அதிகம். அதற்கு அஞ்சிச் சிலர் இரண்டையும் பற்றவைத்துவிடுவர். அந்த வெப்பத்தில் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம் கெடலாம். சக்கரத்தை எளிதில் கழற்றவும் முடியாது. அப்படியே விட்டாலோ, ஒருநாள் சாலை நடுவில் இயந்திரம் உறுமும், வண்டி நகராது.