உருவம் மறைந்த ஊன்: பெற்றோருக்கு ஒரு பாடம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் சுற்றத்தார் மூன்று குடும்பத்தினர் குழந்தைகளுடன் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தோம். முதல் நாள் தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களைக் கண்டு, பொழுது சாய்வதற்கு முன்னரே உணவை முடித்துக்கொண்டு ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாட் காலையில் விடுதியின் உணவுக்கூடத்தில் மூடியிட்ட பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளும் முறை. இட்லி, வடை, பொங்கல். அவற்றை அடுத்த பாத்திரத்தில் விரலளவு நீளமாய், இளஞ்சிவப்பு நிறத்தில், உருட்டித் திரட்டியதுபோல் ஏதோ ஒன்று. என் தம்பியின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், அதில் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டான். பின்னர் ஐயுற்று என்னிடம் வந்தான்.

“பெரியப்பா, இது கிழங்கா?”

கிழங்கு உண்ணலாகாது என்று அவனுக்கு வீட்டில் கற்பித்திருக்கிறார்கள். அந்த நினைவு அவனுக்கு இருந்தது. பாத்திரத்தின் முன் வைத்திருந்த சிறிய அட்டையைப் போய்ப் பார்த்தேன். கோழி இறைச்சியால் ஆன சாசேஜ் என்று எழுதியிருந்தது. அது கோழி என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. “கோழியா? இதுல கோழி எங்க இருக்கு?” என்று கேட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே இப்பாடம் எழுதப்படுகிறது.

நம் குழந்தைகளுக்குக் கொல்லாமையைக் கண்வழியாகவே நாம் கற்பித்து வந்திருக்கிறோம். கடைத்தெருவில் தொங்கும் ஆட்டைக் கண்டால் ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்வார், பேரனும் திருப்பிக்கொள்வான். கால் கட்டிய கோழிகளை மிதிவண்டியில் தலைகீழாய்த் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைக் கண்டால் குழந்தை தானாகவே ‘ஐயோ’ என்னும். இரக்கம் அங்கே கண்ணில் தொடங்கிற்று. பதப்படுத்திய இறைச்சியோ அந்தக் கண்ணையே ஏமாற்றுகின்றது. எலும்பிலிருந்து வழித்தெடுத்த தசையும் கொழுப்பும் பனிக்கட்டியோடும் உப்போடும் சேர்த்து அரைக்கப்பட்டு, விலங்கின் குடலாலோ அதன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தாலோ செய்த உறையில் அடைக்கப்படுகின்றன. அதன்பின் அதில் இறகும் இல்லை, எலும்பும் இல்லை, குருதியும் இல்லை. நக்கெட்ஸ் என்பதற்கு நட்சத்திர வடிவம்கூடக் கொடுக்கிறார்கள். நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், ‘பள்ளியில் எல்லாரும் உண்கிறார்கள், பிள்ளை ஏங்குகிறான், இது அசல் கறி மாதிரி இல்லையே’ என்று தாய் தந்தையர் தயங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்களுடைய தயக்கத்திற்குள்ளேயே விடையும் இருக்கிறது: உருவம் மறைந்ததால் தயங்குகிறார்கள், உருவம் இருந்திருப்பின் தயங்கியிருக்க மாட்டார்கள்.

இனி உடல்நலத்தைப் பற்றிப் பார்ப்போம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உள்ளது. 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்கள் அங்கே கூடி, 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று முதல் வகையில் சேர்த்தனர். உப்பிட்டும், புளிக்கவைத்தும், புகையூட்டியும், நைட்ரைட் போன்ற உப்புகள் சேர்த்தும் காக்கப்படும் சாசேஜ், பேக்கன், ஹாம், சலாமி முதலியவை இதில் அடங்கும். நாள்தோறும் 50 கிராம் உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

இந்தச் செய்தியை நம் கூட்டங்களில் சிலர் பிழையாகச் சொல்கிறார்கள். 100 பேர் உண்டால் 18 பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. உண்ணாதவர் 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் உண்பவர் 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வரும்; அவ்வளவே. புகையிலையும் அதே முதல் வகையில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று மேடையில் முழங்குவதும் தவறு. அந்த வகைப்பாடு சான்றின் உறுதியைக் குறிக்கிறது. தீங்கின் அளவை அது சொல்வதில்லை. சத்தியம் நம் அணுவிரதங்களுள் ஒன்று. நம் பக்கத்து வாதத்திற்கு வலுச் சேர்ப்பதற்காகவும் எண்ணைத் திரிக்கலாகாது. நாளை அப்பிள்ளையே கல்லூரியில் உண்மையைப் படித்தறிந்தால், நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறுவான்.

மேலும் ஒன்று. புலால் விலக்கை நோயச்சத்தின்மீது மட்டும் நிறுத்தி வைப்பது மணலில் தூண் நடுவதாகும். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு, கோழியின் உயிரணுக்களைக் கலத்தில் வளர்த்துச் செய்த இறைச்சியின் விற்பனைக்கு இசைவு தந்தது. நைட்ரைட் இல்லாத சாசேஜும் கடைகளில் விற்கிறது. நோய் ஒன்றே காரணம் என்று கற்ற பிள்ளை, நோயில்லாத கறி வந்தவுடன் உண்ணத் தொடங்குவான். மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விடுதல் இல்லறத்தானுக்குரிய மூலகுணங்களுள் அடங்கும் என்று சமந்தபத்திராச்சாரியார் வகுத்தபோது மருத்துவக் கணக்கை முன்வைக்கவில்லை. உயிரை முன்வைத்தார்.

என் தம்பியின் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அன்று மாலை ஏரிக்கரையில் அவள் வேறொரு கேள்வி எழுப்பினாள். “நாம கொல்லலையே பெரியப்பா. யாரோ கொன்னது, மிஷின்ல அரைச்சது, டப்பாவுல அடைச்சது. கிருமிகூட இல்லாம சுத்தம் பண்ணித்தானே விக்கறாங்க?” நல்ல கேள்வி. அமிர்தசந்திராச்சாரியார் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதற்கு இடமளித்திருக்கிறார். தானாக இறந்த விலங்கின் ஊனாயினும், பச்சையாயினும், வெந்ததாயினும், அதில் நிகோத ஜீவன்கள் இடையறாது தோன்றுகின்றன. ஆதலின் அதனை உண்பதும் தீண்டுவதும் இம்சையே என்பது அவர் கருத்து. ஆயினும் அந்தப் பெண்ணுக்கு நான் அதனை முதலில் சொல்லவில்லை. டப்பாவில் அடைப்பவன் எதற்காக அடைக்கிறான் என்று கேட்டேன். விற்பதற்காக என்றாள். வாங்குவோர் இல்லாவிடில் என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். நிகோதத்தைப் பற்றி இரவு அறையில் பேசினோம்.

பெற்றோரை மிகுதியும் வருத்துவது வளர்ச்சியைப் பற்றிய கவலை. “புரதம் போதாது என்கிறார்களே” என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவின்படி 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் வேண்டும். இரு குவளைப் பாலில் 12 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 7 கிராம். அதே அளவு துவரையிலோ பாசிப்பருப்பிலோ கொள்ளிலோ 6 கிராமுக்கு மேல் உண்டு. சோற்றில் உள்ளது வேறு. (வேர்க்கடலை மண்ணுக்குள் விளைவதால் கிழங்கோ என்று சிலர் ஐயுறுகின்றனர். அது விதை.) புரதத்தைவிடக் கவனிக்க வேண்டியது பி-12 என்னும் உயிர்ச்சத்து. அது செடிகொடிகளில் கிடைப்பதில்லை. நமக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. பாலை வெறுக்கும் குழந்தையை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை. முட்டையும் ஊனும் உண்ணாக் குடும்பம் இதில் அசட்டையாக இருத்தல் தகாது.

அடுத்து, போலிக் கறி. சோயாவால் செய்து, கோழி போன்ற நாரும் மணமும் ஏற்றி விற்கிறார்கள். அதில் உயிர் இல்லையே, பிள்ளையின் ஏக்கமும் தீருமே என்று வாங்குவோர் உண்டு. யசோதர காவியம் நம் வீடுகளில் சொல்லப்பட்டு வந்த கதை. கெட்ட கனவின் அச்சம் தீர உயிர்ப்பலி இட வேண்டும் என்று தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் உயிர்க்கொலைக்கு இசையாமல் மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். அந்த மாக்கோழிக்காகத் தாயும் மகனும் நாயும் மயிலும் முதலாகப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, பின்னரே அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகளாக மானிடப் பிறவி எய்தினர். வெட்டுண்டது மாவுதான், வெட்டியவன் உள்ளத்தில் இருந்தது கோழி.

இதைக் கொண்டு மீல் மேக்கரை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைப் பருப்புபோல் குழம்பிலிட்டால் அது பருப்பே. ஊன் உண்டு பழகி அதனை விட விரும்புவோர்க்குக் கோழி மணமுள்ள சோயா உதவக்கூடும். பிறந்தது முதல் ஊனை அறியாத நம் குழந்தைக்கு அதனை வாங்கித் தருவது, இல்லாத ஆசையை நாமே நாவில் விதைப்பதாகும். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் வாங்கித் தர மாட்டேன்.

சேர்வராயன் மலையில் விடுதியுடன் கூடிய பள்ளிகள் ஆங்கிலேயர் காலந்தொட்டு உள்ளன. மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கப் பெற்றது. இதுபோன்ற மலையூர்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப நம்மவர் பலர் இப்போது விரும்புகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மலையூரில் விடுதியில் படித்த நம் சமூகத்துச் சிறுவன் ஒருவன், மரக்கறி கட்லெட் என்று எண்ணி இறைச்சிக் கட்லெட்டை உண்டுவிட்டான். உடன் படிப்பவர்கள் சொல்லி அறிந்தபின் இரண்டு நாள் உணவு கொள்ளாமல் அழுதிருக்கிறான். அவனுடைய தாயார் என்னிடம் வந்து, குழந்தைக்கு என்ன பிராயச்சித்தம் செய்விக்க வேண்டும் என்று கேட்டார்.

சோர்வினால், கவனமின்மையால் உயிர்க்கு நேரும் கேட்டையே உமாஸ்வாமி ஆச்சாரியார் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சை என்று இலக்கணம் செய்கிறார். அந்தச் சிறுவனிடம் பிரமாதம் எதுவும் இல்லை. அவன் தட்டில் வைத்ததை நம்பி உண்டான். பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் உணவுமுறை பற்றி ஒரு கட்டம் இருந்தது. அதைப் பெற்றோர் நிரப்பாமல் விட்டிருந்தனர். அந்தப் பள்ளியைப் பரிந்துரைத்தவன் நான். சமையற்கூடத்தைப் பற்றி நானும் ஒரு சொல் கேட்கவில்லை. ஆகவே குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள், ஏகாசனம் நாம் இருப்போம் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவ்வாறே இருந்தோம்.

அதன்பின் என்னிடம் கேட்க வருவோர்க்கெல்லாம் இவற்றைச் சொல்லி வருகிறேன். பள்ளியில் சேர்க்குமுன் விடுதிக் காப்பாளரை நேரிற் கண்டு, மரக்கறிக்குத் தனி எண்ணெய்ச் சட்டி உண்டா, அல்லது நக்கெட்ஸ் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காயும் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள். கேக்கில் முட்டை உண்டா என்று கேளுங்கள். பொழுது சாயுமுன் குழந்தைக்கு உணவு கிடைக்குமா என்பதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். சில இடங்களில் இசைகிறார்கள்.

கடைப் பொட்டலங்களைப் படிக்கவும் குழந்தைக்குக் கற்றுத் தர வேண்டும். பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் மரக்கறி உணவுக்கு உரியது. புலாலுக்கு முன்னர்ப் பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அது பழுப்பு முக்கோணமாயிற்று, நிறம் பிரித்தறிய இயலாதோர்க்கும் தெரியும் பொருட்டு. ஆயினும் பச்சை வட்டம் நம் நெறிக்கு முழுக் காவலாகாது. அரசு விதியில் தேனும் தேன்மெழுகும் புலால் என்பதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. தேன் கலந்த பொருளும் பச்சை வட்டத்தோடு வரும். உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஐ.என்.எஸ். 631 என்னும் சுவையூட்டி, டைசோடியம் இனோசினேட், மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கப்படலாம், செடிப்பொருளிலிருந்தும் செய்யலாம். எண்ணை மட்டும் அச்சிட்டால் வாங்குபவர் எதை அறிவார்? இதனை ஆராய்ந்த தில்லி உயர்நீதிமன்றம், ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதா என்று வெளிப்படுத்த வேண்டும் என 2021 டிசம்பரில் ஆணையிட்டது. ஜெல்லி மிட்டாயில் உள்ள ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவது. 120 என்னும் சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுப்பது.

இவையெல்லாவற்றையும் மலையிலிருந்து இறங்கும்போது காரில் அந்தச் சிறுவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்குள் அவன் உறங்கிவிட்டான் என்றே நினைத்தேன். சேலத்தில் ஒரு கடைமுன் நின்றோம். பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து, பச்சை வட்டத்தைப் பார்த்து, பின்புறத்துச் சிறிய எழுத்துகளை விரல் வைத்துப் படித்தான். “தேன் போட்டிருக்காங்க” என்று சொல்லி அலமாரியிலேயே வைத்துவிட்டான். வேர்க்கடலை உருண்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.