“நான் செபிச்சது காணாதோ?” – குறைமாதப் பிள்ளையும் குடும்பத்தின் விசுவாசமும்

விதைநெல் கடன் பற்றிய கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் ஒரு தாய் மட்டும் மண்டப வாசலில் நின்றார். 2009ஆம் ஆண்டு வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தவர். இப்போது தமது காணியில் மீண்டும் வயல் செய்பவர். முகாமுக்கு வந்த மறுகிழமை, ஏழாம் மாதத்திலேயே அவருக்குப் பிள்ளை பிறந்தது. காலையில் பிறந்த பிள்ளை பொழுதுபடமுன் இறந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கும் அந்நாட்களில் குறைமாதப் பிள்ளைதான். அது தப்பியது.

“அவவின்ரை பிள்ளை ஓ.எல். எழுதிப்போட்டுது, சுவாமி. அவவும் செபமாலை சொன்னவ, நானும் சொன்னனான். நான் செபிச்சது காணாதோ?”

“ஆண்டவருடைய சித்தம், அம்மா” என்று சொல்லிவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். அது பதிலல்ல என்று எனக்கே தெரிந்திருந்தது. அவருக்கு நான் கொடுத்திருக்கவேண்டிய பதிலே இந்தப் பாடம். குடும்பமாகவோ குழுவாகவோ இருந்து இதை வாசியுங்கள். செபத்தைப் பற்றிய பகுதி கத்தோலிக்கருக்கு உரியது. உயிர் காக்கும் பகுதி எல்லா வீட்டுக்கும் உரியது.

1. சனாதிபதியின் வீட்டுப் பிள்ளை

1963ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாக இருந்தவர் ஜோன் எப். கென்னடி. அவரும் மனைவியும் கத்தோலிக்கர். 1956இல் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை இறந்தே பிறந்தது. 1963 ஓகஸ்ட் 7ஆம் திகதி, ஐந்தரைக் கிழமை முந்தி, ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. நிறை ஏறத்தாழ 2.1 கிலோ. பிறந்தவுடனேயே ஞானஸ்நானம் கொடுத்துப் பற்றிக் என்று பெயரிட்டார்கள்.

பிள்ளைக்கு மூச்செடுப்பது கஷ்டமாயிற்று. பொஸ்ரன் நகரின் பெரிய சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அக்காலத்தில் செய்யக்கூடிய எல்லாம் செய்தார்கள். ஆயினும் 39 மணித்தியாலத்தில், ஓகஸ்ட் 9ஆம் திகதி விடியுமுன், பிள்ளை இறந்தது. மறுநாள் கர்தினால் குஷிங் அடக்கப் பூசை ஒப்புக்கொடுத்தார். தாய் சத்திரசிகிச்சையிலிருந்து தேறாமல் வைத்தியசாலையில் கிடந்தபடியால் தம் பிள்ளையின் அடக்கத்துக்கே போகமுடியவில்லை.

பணம், பதவி, வைத்தியர், கர்தினாலின் பூசை – எதிலும் அந்த வீட்டுக்குக் குறைவிருக்கவில்லை. இருந்தும் பிள்ளை தப்பவில்லை. எனவே பிள்ளையை இழந்த தாய் எவரும், “நான் ஏழை என்றபடியால் கடவுள் கேட்கவில்லை” என்று எண்ணத் தேவையில்லை.

2. ஒரே வயிற்றில் இருவர்

பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் 40 கிழமை, அதாவது 280 நாள். 37 கிழமைக்கு முன் பிறந்தால் குறைமாதம். 28 கிழமைக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாதம்.

2020 ஜூலை 5ஆம் திகதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு தாய் 21 கிழமையும் ஒரு நாளும் ஆனபோது இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றார். அதாவது 148ஆம் நாள். மகனின் நிறை 420 கிராம். அரைக் கிலோ சீனிப் பையிலும் குறைவு. மகள் ஏறத்தாழ ஒரு நாள் மட்டும் வாழ்ந்து இறந்தாள். மகன் 275 நாள் வைத்தியசாலையில் இருந்து, 2021 ஏப்ரலில், ஒட்சிசனோடும் பால் கொடுக்கும் குழாயோடும் வீட்டுக்குப் போனான்.

ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே வைத்தியசாலை. தாயின் அன்பும் ஒன்றே. ஒரு பிள்ளைக்காக அதிகமாகவும் மற்றப் பிள்ளைக்காகக் குறைவாகவும் ஒரு தாய் ஆசைப்பட்டிருப்பாளா? தப்பிய பிள்ளையின் செபம் காணும், இறந்த பிள்ளையின் செபம் காணாது என்ற கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது.

3. செபம் எதற்கு?

நாம் உரத்தை அளந்து போடுகிறோம், இத்தனை மூடை விளையும் என்று கணக்குப் பார்க்கிறோம். செபத்தையும் அப்படி எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. தாவீது அரசன் நோயுற்ற தன் பிள்ளைக்காக ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்து மன்றாடினான். பிள்ளை இறந்தது. அவன் எழுந்து, முகம் கழுவி, ஆண்டவருடைய இல்லத்துக்குப் போய்த் தொழுதான். பின்பு மனைவியிடம் போய் அவளுக்கு ஆறுதல் சொன்னான். இயேசுவும் ஒலிவத் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமென்று கேட்டார். அது நீங்கவில்லை. அவருடைய செபம் காணாது என்று யார் சொல்வார்?

விசுவாசம் என்பது பிள்ளை கட்டாயம் தப்பும் என்ற உத்தரவாதம் அல்ல. தப்பினாலும் இறந்தாலும் பிள்ளை கடவுளின் கையில் இருக்கிறது என்று பற்றிக்கொள்வதே விசுவாசம். அந்தப் பிள்ளைக்கு இன்று, இந்த மணித்தியாலத்தில், எம்மால் இயன்றதைச் செய்வதே நம்பிக்கை. ஒன்று மனதில் இருப்பது. மற்றது கைகளில் இருப்பது.

4. நம்பிக்கை வேலை செய்த விதம்

பற்றிக் இறப்பதற்கு நான்கு வருடத்துக்கு முன்பே, 1959இல், மேரி எலன் ஏவறி என்ற பெண் வைத்தியர் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் சவர்க்கார நுரை போன்ற ஒரு பொருள் குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் ஊறியிருப்பதில்லை. காரணம் தெரிந்தது, மருந்து இருக்கவில்லை.

மருந்துக்கு வழிகாட்டியவை எங்கள் பட்டியில் நிற்கும் பிராணிகள்தான். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற வைத்தியர் செம்மறிகளை ஆராய்ந்தார். ஒருவகை ஊக்கமருந்து பெற்று மிக முந்திப் பிறந்த குட்டி, இறக்கவேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். 1972இல் அவரும் ஹவி என்ற வைத்தியரும், பிரசவத்துக்குமுன் தாய்க்கு அந்த வகை ஊசியைப் போட்டால் பிள்ளையின் நுரையீரல் பலப்படும் என்று காட்டினார்கள். 1980இல் யப்பானில் பூஜிவாறா என்ற வைத்தியர் மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைப் பிள்ளைகளின் நுரையீரலில் விட்டு மூச்சைக் காத்தார். பற்றிக் போன்ற பிள்ளைகள் இன்று வசதியுள்ள வைத்தியசாலைகளில் பெரும்பாலும் தப்புகிறார்கள்.

வசதி இல்லாத இடத்திலும் வழி பிறந்தது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், ஏழைத் தாய்மார் வரும் ஒரு பெரிய பிரசவ வைத்தியசாலையில் சூட்டுப்பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல பிள்ளைகள். கிருமி தொற்றிப் பலர் இறந்தனர். எட்கார் றேய் என்ற வைத்தியர் கங்காருவை நினைத்தார். கங்காருக் குட்டி மிகச் சிறிதாகப் பிறந்து தாயின் பையில் வளர்கிறது. அப்படியே பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டிவைக்கச் சொன்னார்.

ஏழைகளின் மாற்றுவழி என்று சிலர் எண்ணிய இம்முறை பின்னர் உலகம் முழுவதும் பரவியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு வைத்திருந்தபோது இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் அந்நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம்வரை இப்படி வைத்திருக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரு கிலோவிலும் குறைந்த பிள்ளைக்கு வைத்தியசாலைப் பராமரிப்பும் கட்டாயம் வேண்டும்.

5. நாம் செய்யக்கூடியவை

(அ) மாதம் நிறையுமுன் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நீர்க்குடம் உடைதல், இரத்தம் படுதல் – எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். நுரையீரலைப் பலப்படுத்தும் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். குடும்பநல மாதுக்கும் அறிவியுங்கள். பிள்ளை பயணம் செய்யச் சிறந்த இடம் தாயின் வயிறே.

(ஆ) வழியில் பிறந்துவிட்டால் பிள்ளையைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் வைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். முகத்தை மூடவேண்டாம். குளிப்பாட்டவேண்டாம். சீனித்தண்ணீர், தேன் எதுவும் வாயில் வைக்கவேண்டாம்.

(இ) முதலில் சுரக்கும் மஞ்சள் பாலை வீணாக்கவேண்டாம். பிள்ளை உறிஞ்சமுடியாவிட்டாலும் பிழிந்து கொடுக்கலாம், தாதிமார் காட்டித்தருவார்கள்.

(ஈ) தாய் களைத்தால் தகப்பனும் அம்மம்மாவும் நெஞ்சில் வைத்திருக்கலாம். மண்வெட்டி பிடித்த கை பிள்ளைக்கு ஆகாது என்று எந்தத் தகப்பனும் விலகவேண்டாம்.

(உ) வீட்டுக்கு வந்தபின் கண், காதுப் பரிசோதனைகளையும் கிளினிக்கையும் தவறவிடாதீர்கள். மிக முந்திப் பிறந்த பிள்ளைக்குப் பார்வையிலும் மூச்சிலும் பாதிப்பு வரலாம். நேரத்தோடு கண்டால் உதவலாம்.

(ஊ) “ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது” என்பது பிழை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்குப் பலம்.

(எ) தண்ணீர்க் குடம் தூக்கினாள், கண்ணூறு பட்டது என்று தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். கிருமித் தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை எனக் காரணங்கள் பல. பல வேளைகளில் காரணமே தெரிவதில்லை.

(ஏ) வைத்தியசாலையில் மாதக்கணக்காக இருக்கும் குடும்பத்துக்கு அயலவர் செய்யும் உதவியும் செபமே. மூத்த பிள்ளைகளைப் பாருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் வையுங்கள். அவர்களுடைய முறைத்தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சிவிடுங்கள். பஸ் காசு சேர்த்துக் கொடுங்கள்.

6. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளை

அந்தத் தாயின் மனதில் இன்னொரு முள்ளும் இருந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அப்படி இறக்கும் பிள்ளைகள் மோட்சத்துக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பார்கள் என்று அவருடைய பாட்டி சொல்லியிருந்தார்.

மரண ஆபத்தில் குருவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. திருச்சபையின் எண்ணத்தோடு எவரும் – தாதியோ, தகப்பனோ, வேற்றுச் சமயத்தவரோகூட – பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்து, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லலாம். இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்கவேண்டும்.

ஆனால் அதற்கும் நேரம் கிடையாமல் இறந்தால்? திருச்சபையின் மறைக்கல்வி நூல் அப்பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. மோட்சத்துக்கு வெளியே ஓரிடம் என்பது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. 2007இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பரின் அனுமதியோடு வெளியான சர்வதேச இறையியல் ஆணைக்குழுவின் ஆவணம், இப்பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்கிறது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கத் திருச்சடங்கும் நடத்தலாம்.

7. மீண்டும் அந்த வாசலில்

சில கிழமைகளின் பின் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அவர் பிள்ளையை அந்த நாள் முழுவதும் எப்படி வைத்திருந்தார் என்று கேட்டேன். “சட்டைக்குள்ளை, நெஞ்சோடை. வேறை துணி இல்லை, சுவாமி. விட்டால் குளிரும் எண்டு பயந்தனான்” என்றார்.

பொகோட்டாவில் வைத்தியர் சொல்லிக்கொடுத்ததை இவர் எவரும் சொல்லாமலே செய்திருந்தார். அந்தப் பிள்ளை தன் வாழ்நாள் முழுவதையும் தாயின் நெஞ்சில் கழித்தது. “அம்மா, நீங்கள் செபிச்சது காணும். பிள்ளையை நெஞ்சில் வைத்திருந்ததும் செபம்தான்” என்றேன். பிறகு பெயர் கேட்டேன். மனதுக்குள் வைத்திருந்த பெயரை அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அந்த வருடம் நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோரின் பெயர்களை வாசித்தபோது, அப்பெயரையும் சேர்த்து வாசித்தோம்.

கலந்துரையாடலுக்கு

1. எங்கள் கிராமத்தில் குறைமாதப் பிள்ளையை இழந்த தாய்க்கு நாம் என்ன சொல்லி வருகிறோம்? அவற்றில் எவற்றை நிறுத்தவேண்டும்?
2. இரவில் ஒரு தாய்க்கு வலி வந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக யாரிடம் வாகனம் உண்டு? யாருக்கு முதலில் அறிவிக்கவேண்டும்?
3. வைத்தியசாலையில் தங்கும் குடும்பத்தின் வயலையும் மாட்டையும் பார்க்க எமது சங்கம் என்ன ஒழுங்கு செய்யலாம்?
4. பெயர் சொல்லி நினைக்கப்படாத பிள்ளை எங்கள் வீட்டில் உண்டா? இன்று குடும்பமாக அப்பெயரைச் சொல்லிச் செபிப்போமா?